சுமைக்காரர்கள் நிற்கும் இடம்

— இங்கேயே நில்லு பெனினா. சுமை தூக்குறவங்களுக்கு இதோட எல்லை.

— ஆறு வருஷமா நின்னாச்சு எலியாப் அண்ணே. இன்னிக்கு நிக்கறதா இல்ல.

— இந்த ப்விண்டிக் காட்டுல உனக்குத் தெரியாத சட்டமா? கொரில்லாக் குடும்பம் கீழ மேயுது. பையும் கம்பும் இங்க. எட்டு விருந்தாளி மட்டும் என்கூட.

— ஏழு. என் வெள்ளைக்காரம்மா முட்டியைப் பிடிச்சுக்கிட்டு மேட்டுலயே உக்காந்துட்டாங்க. எனக்குப் பதிலா நீ போய்ப் பாருன்னு அவங்களே சொன்னாங்க.

— சொல்லுவாங்க. உன்னைக் கூட்டிட்டுப் போனா நாளைக்கு இந்த வழிகாட்டிச் சட்டையை நான் கழட்டணும்.

— கழட்டுங்க. சக்கரவள்ளி தோண்ட ஆள் இல்லேன்னு உங்க வீட்டுக்காரம்மா புலம்பிட்டுத்தான் இருக்கு.

— வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. முகமூடியெல்லாம் உன் பையிலதானே? குடு... என்னம்மா முடிச்சு இது, நகம் பேந்துடும்போல.

— விடுங்க. இழுக்க இழுக்க இறுகும். கயித்து நுனியை உள்ளே தள்ளணும். இந்தாங்க.

— ஏன் இன்னிக்கு இவ்வளவு அடம்?

— கீழ இருக்கறது ஒத்தக்கையோட குடும்பம்தானே?

— அதானா. உன் புருஷன் நாபோத் வச்ச கண்ணியில மாட்டினவ.

— மானுக்கு வச்ச கண்ணி அது.

— மானுக்குத்தான். மாட்டினது கொரில்லாக் குட்டி. கயித்தை அவுக்க வரல, கத்தியால வெட்டித்தான் எடுத்தேன். கை அழுகிப்போச்சு. ஆனா பொழைச்சுக்கிட்டா. நான் சொல்றேன்ல, போதாதா?

— போதாது. என் கண்ணால பாக்கணும்.

— பாத்தா நாபோத்துக்கு ஜெயில்ல மிச்சமிருக்கற ஒரு வருஷம் குறைஞ்சிடுமா?

— பாத்துட்டுச் சொல்றேன். எனக்கு இருமல் இல்ல, சளி இல்ல, கொரில்லாவுக்கு ஒட்டிக்க ஒண்ணுமில்ல. மேலிடத்துல எழுதிக் குடுங்க, வேலையை விட்டு நிறுத்தட்டும். ஆனா இப்ப நான் இறங்கத்தான் போறேன்.

— கழுதைகூட ரெண்டு அதட்டலுக்குத் திரும்பும். சரி, முகமூடியைப் போடு. எல்லாருக்கும் பின்னாடி நில்லு. கை நீட்டாதே, என்ன ஆனாலும் ஓடாதே.

— இவ்வளவு தூரம் இறங்கியாச்சு, எங்கண்ணே அவ?

— மெதுவா பேசு. முதுகு வெள்ளையா ஒரு பெரிய ஆண் தெரியுதா? அதுக்கு இந்தப் பக்கம்.

— ஐயோ, காலால கொடியை அமுக்கிக்கிட்டு ஒரே கையால உரிக்கிறா.

— மீதிக்குப் பல்லு. யாரும் சொல்லித் தரல.

— முதுகுல கறுப்பா என்ன?

— அவ பெத்த குட்டி. போன மழைக்குப் பொறந்துச்சு. அழாதே, மூக்கு ஒழுகினா உன்னை மேல அனுப்பணும்.

— அழல.

— பாத்தாச்சுல்ல? ஞாயித்துக்கிழமை ஜெயிலுக்குப் போறப்ப நாபோத்கிட்ட சொல்லு. அவன் மனசு ஆறட்டும்.

— ஆற வேண்டியது அவர் மனசு இல்லண்ணே. நாளைக்குக் காலையில என்னை உங்க பெரிய அதிகாரிகிட்ட கூட்டிட்டுப் போங்க.

— இறங்கி வந்ததுக்கா? அதை நான் பாத்துக்கறேன்.

— அதுக்கில்ல. நீங்க பிடிக்க வந்த அன்னிக்கு என் பொண்ணு பால் குடிச்சிட்டிருந்தா. அதான் அவர் முந்திக்கிட்டுப் போயிட்டார். இப்ப அவ பள்ளிக்கூடம் போறா, என் தங்கச்சி வீட்டுல இருந்துக்குவா.

— என்ன பேசற பெனினா? என்ன முந்திக்கிட்டான்?

— மேல என் பையில ஒரு முடிச்சு அவுக்க முடியாம நின்னீங்களே. அன்னிக்குக் கத்தியால வெட்டினீங்களே, அதையும் நான்தான் போட்டேன்.