ஸ்டாப் வந்தா நிக்குற சைக்கிள்

— ஏன் தம்பி மறுபடியும் நிறுத்திட்டீங்க? சிக்னலும் இல்ல, ஒண்ணும் இல்ல.

— நிறுத்தல அக்கா. கொஞ்சம் மெதுவாப் போலாம்னு.

— இதோட மூணாவது. பூங்கா வாசல், ஆஸ்பத்திரி வாசல், இப்ப இந்த பேங்க் வாசல். மூணும் பஸ் ஸ்டாப்பு. சும்மா கேக்குறேன், யாராவது ஏறணுமா?

— அட போங்கக்கா. நிழலா இருக்கேன்னு நின்னேன்.

— மணி ஏழரை. வெயிலே இன்னும் வரல.

— சரி, உங்க முட்டிக்காக நின்னேன், போதுமா? நேத்து மலை இறங்குறப்ப ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு "அம்மா" போட்டீங்க.

— அம்பத்தாறு வயசுல முதல் தடவையா மலை ஏறினா வேற யாரைக் கூப்பிடுறது? முப்பது வருஷமா மூக்குக்கண்ணாடிக் கடையில உக்காந்து, "மேல பாருங்க, கீழ பாருங்க"ன்னு மத்தவங்களைப் பாக்க வச்சவ நான். நானா மேல ஏறிப் பாத்தது நேத்துதான்.

— ஆனா ஏறிட்டீங்க.

— ஏறிட்டேன்ல! போன மாசம் வரைக்கும் ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு வீட்டு ஜன்னலும் ரேடியோவும்தான். பொண்ணு கல்யாணமாகிப் போனதுலேர்ந்து அதுதான் பேச்சுத்துணை. இப்ப பாருங்க, நேத்து மலை, இன்னைக்கு சைக்கிள். கூட வர ஏழு பேரு. கையைக் காட்டுங்க, சிக்னல் வருது!

— காட்டிட்டேன். பாத்து. காலை ஊனிக்கோங்க. அவசரமே இல்ல, இன்னும் பதினோரு விநாடி இருக்கு.

— அது எப்படித் தெரியும்?

— ஒரு குத்துமதிப்புதான்.

— ஒம்பது, பத்து, பதினொண்ணு... அட, பச்சை விழுந்துடுச்சு! நல்லா மதிச்சீங்க தம்பி.

— அக்கா! அண்ணே! ரெண்டு பேரும் உயிரோடதான் இருக்கீங்களா?

— இருக்கோம் கேப்டன்! நீ ஏன்ப்பா திரும்பி வந்தே?

— கடைசி ஜோடியைக் காணோமேன்னு வந்தேன். எல்லாரும் பாலத்துக்கு அந்தப் பக்கம் காபிக்கு நிக்கிறாங்க. ஒண்ணும் அவசரமில்ல, சூப்பரா ஓட்டுறீங்க அக்கா. அண்ணே, நீங்கதான் அந்தத் திருப்பத்துல நடுரோடு வரைக்கும் போய் வளைச்சீங்க. இது சைக்கிள் அண்ணே, ரயில் இல்ல.

— புதுசுல்ல கேப்டன். போகப் போக சரியாயிடும்.

— ஓரம், ஓரம்! பின்னாடி பஸ் வருது. இந்த பஸ்காரனுங்களை நம்பவே கூடாது. நேத்து மலை உச்சியில சொன்னேன்ல, ஒருத்தன் என்னைச் சாக்கடைக்குள்ளயே இறக்கிட்டுப் போனான்னு? அத்தனை பேரும் அப்படித்தான்.

— நாங்க வந்துடுறோம் கேப்டன். நீங்க முன்னாடி போங்க.

— சூப்பர். ஜோடி சட்டம் ஞாபகம் இருக்குல்ல? ஒருத்தர் இறங்கினா ரெண்டு பேரும் இறங்கணும். ஒருத்தரை விட்டுட்டு ஒருத்தர் வந்தா காபி கிடையாது!

— பறந்துட்டான். என்ன தம்பி, நீங்க ஏன் இறங்கிட்டீங்க? சரி, சட்டப்படி நானும் இறங்குறேன். முகமே செத்துப்போச்சு உங்களுக்கு.

— அக்கா, நான் பாலத்துக்கு வரல. இந்தச் சந்துல திரும்பி வீட்டுக்குப் போறேன். அடுத்த வாரமும் வர மாட்டேன்.

— கால் வலியா?

— கால் நல்லாத்தான் இருக்கு. நான் ஆபீஸ்ல வேலை பாக்குறேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்ல, அது பொய். பஸ் ஓட்டுறேன். பதினாறு வருஷமா.

— அது சரி.

— என்னக்கா, "அது சரி"ன்னு சாதாரணமா சொல்றீங்க?

— நேத்து மலையில ஒவ்வொரு தடவை கிளம்புறப்பவும் திரும்பித் திரும்பித் தலையை எண்ணினீங்க. கடைசி ஆள் எழுந்து நின்னப்புறம்தான் ஒரு அடி எடுத்து வச்சீங்க. எந்த ஆபீஸ்ல அப்படி எண்ணுறாங்க? மேல சொல்லுங்க.

— கேப்டனைச் சாக்கடையில இறக்கினது நான்தான்.

— ம்.

— நாலு மாசம் ஆச்சு. மார்க்கெட் ரோடு, நல்ல மழை. நான் மூணு நிமிஷம் லேட்டு. ஓரமா ஒரு சைக்கிள் போச்சு. போற அளவுக்கு இடம் இருக்குன்னு நினைச்சேன். எனக்கு இருந்துச்சு அக்கா. அவனுக்குத்தான் இல்ல.

— அடி பலமா?

— அடி இல்ல. முட்டி வரைக்கும் சேறு. அடுத்த சிக்னல்ல வந்து என் கண்ணாடியைத் தட்டினான். திட்டியிருந்தா அன்னைக்கே மறந்திருப்பேன். அழுதுக்கிட்டே, "ஒரே ஒரு நாள் நீ இந்த இடத்துல ஓட்டிப் பாரு"ன்னான். நான் கண்ணாடியைக்கூட இறக்கல. அப்புறம் எனக்கு முன்னாடிதான் போனான். அவன் சட்டை முதுகுல எழுதியிருந்துச்சு, "புதுசா சைக்கிள் கத்துக்கணுமா? கூப்பிடுங்க"ன்னு. கீழ போன் நம்பர்.

— கூப்பிட்டீங்க.

— மூணு மாசம் கழிச்சு. மன்னிப்புக் கேக்கத்தான் கூப்பிட்டேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, "புதுசா அண்ணே? வாங்க, வாங்க, சூப்பர்"ன்னான். ஆமான்னுட்டேன். ஒரு பழைய சைக்கிளை வாங்கிட்டு வந்து நின்னேன். முட்டி போட்டு உக்காந்து எனக்கு சீட்டு உயரம் சரி பண்ணான் அக்கா, அந்தப் பையன். அப்புறம் எப்படிச் சொல்றது?

— அவனுக்கு உங்களை அடையாளம் தெரியலையா?

— கண்ணாடி பூரா மழைத்தண்ணி. அவன் இருந்த கோவத்துல முகத்தையா பாத்திருப்பான்? நேத்து உச்சியில அந்தக் கதையைச் சொல்லிக்கிட்டே ஒரு ஆரஞ்சை உரிச்சு பாதியை என் கையில குடுத்தான். தின்னாம அப்படியே பைக்குள்ள போட்டுக்கிட்டேன்.

— இப்ப எப்படி ஓட்டுறீங்க? பஸ்ஸைக் கேக்குறேன்.

— சைக்கிளைப் பாத்தா ஒரு ஆள் குறுக்கால படுக்குற அளவுக்கு இடம் விடுறேன். இடமில்லன்னா பின்னாடியே உருட்டிக்கிட்டுப் போறேன். உள்ள இருக்கறவங்க லேட்டாகுதுன்னு கத்துறாங்க.

— எல்லாருமா கத்துறாங்க?

— முக்காவாசிப் பேரு.

— சரி. பாலத்துக்குப் போய் இதை அப்படியே அவன்கிட்ட சொல்லுங்க.

— சொன்னா எல்லாம் போச்சு. லீவு நாள்னா தூங்கியே கழிச்சவன் நான். இந்த நாலு வாரமாத்தான் எனக்குன்னு நாலு பேர் இருக்காங்கன்னு இருக்கு. அது போயிடும்னு பயமா இருக்குக்கா.

— சொல்லாம இருந்தா மட்டும்? அவன் குடுக்குற ஒவ்வொரு ஆரஞ்சும் பைக்குள்ளதான் போகும்.

— அதனாலதான் போறேங்கிறேன். மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்னு சொன்னா யார் நம்புவா? புகார் குடுத்துடுவானோன்னு பயந்து, பழகிப் பாக்க வந்தவன்னுதான் நினைப்பாங்க.

— நீங்க திரும்பினா நானும் திரும்பணும். எனக்கு அந்தப் பாலத்துல ஓட்டணும் தம்பி. அதுக்காகவே ராத்திரி முட்டிக்கு எண்ணெய் தேச்சுப் படுத்தேன்.

— நீங்க போங்கக்கா. கேப்டன் வேற ஆள் போட்டுக் குடுப்பான்.

— வேற ஆள் வேண்டாம். இது நான் கேட்டு வாங்கின ஜோடி.

— கேட்டு வாங்கினதா? கேப்டன்தானே பிரிச்சான்?

— எல்லாரையும் அவன் பிரிச்சான். உங்களை நான் கேட்டேன்.

— எதுக்கு? ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்கிறேன், திருப்பத்துல நடுரோட்டுக்குப் போறேன்...

— முதல்ல ஏறுங்க. ம், கையைக் காட்டுங்க. ரெண்டு பக்கமும் பாத்தாச்சா?

— பாத்துட்டேன். சொல்லுங்கக்கா, எதுக்கு?

— நீங்க சொல்றதை அவன் நம்பலன்னா, சாட்சி நான் இருக்கேன்.

— நீங்க என்னத்தைப் பாத்தீங்க, சாட்சி சொல்றதுக்கு?

— அன்னைக்கு அந்த மழையில உங்க பஸ்ல, உங்க சீட்டுக்கு நேர் பின்னாடி உக்காந்திருந்தது நான்தான் தம்பி. ஏழு ஸ்டாப்பு வரைக்கும் அந்த நம்பரை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணீங்களே, அதைக் கேட்டு எழுதிக்கிட்டுத்தான் நானும் இங்க வந்தேன்.