கை தூக்கினால் நிறுத்துவேன்

ஒரு தொடரின் முதல் எபிசோடு மந்தமாக இருந்தால் நான் கோபித்துக்கொள்வதில்லை, ஐயா. கலங்கரை விளக்கத்தின் காவலாளியைக் கொன்றது யார் என்று ஒரு தொடர் பார்த்தோம். முதல் எபிசோடு முழுக்க மழையும் மரப்படியும்தான். பொறுத்துப் பார்த்தால் தங்கம். அதற்கு முன்னால் பார்த்த மருத்துவமனைத் தொடர் நேர்மாறு: டாக்டர்கள் கத்தியை வைத்துவிட்டுக் காதலைப் பேசினார்கள். நோயாளி பிழைத்ததே அதிசயம்.

நான் துணிக்கடைக்காரன். பேரம் பேசியே வளர்ந்த குடும்பம். எங்கள் தொழிலில் சரக்கை மடிப்பு மடிப்பாகப் பிரித்துக் காட்டுவோம்; விலையைக் கடைசியில்தான் வாயிலிருந்து விடுவோம். கதைக்கு முடிவுதான் விலை. அதை முதலிலேயே கத்துகிறவன் வியாபாரத்தைக் கெடுக்க வந்தவன்.

என் மனைவியின் தம்பி அப்படிப்பட்டவன். இன்சூரன்ஸ் வேலையை விட்டுவிட்டு, கொஞ்ச நாள் என்று வந்தவன், எங்கள் சோபாவில் பள்ளம் விழும்வரை உட்கார்ந்திருந்தான். எதைப் போட்டாலும் அவனுக்குக் கருத்து உண்டு.

"அத்தான், அந்தத் தாடிக்காரன்தான். எழுதி வச்சுக்குங்க."

தாடிக்காரன் அப்போதுதான் கதைக்குள் நுழைந்து நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பான்.

"வாய மூடிட்டுப் பாருடா."

"கருத்து சொல்றது ஒரு குத்தமா? உங்க கடைக்கு வர்றவங்க துணியத் தடவிப் பாத்தா கையத் தட்டி விடுவீங்களா?"

மனைவி சிரிப்பாள். அந்தச் சிரிப்பையும் விழுங்கிக்கொண்டேன். அவன் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதுதான் நெஞ்சில் முள்.

அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். பேச வேண்டுமானால் கையைத் தூக்கு, ரிமோட்டால் படத்தை நிறுத்துவேன், பேசி முடி, பிறகு ஓட்டுவேன். நியாயமான சட்டம். மனைவி கடைப்பிடித்தாள். அவன் "இது வீடா, பள்ளிக்கூடமா அத்தான்?" என்றான். பேசாதே என்று அதட்டினால் வேறு வழி கண்டுபிடித்தான். அவனுக்கு மூச்சிரைப்பு உண்டு. இன்ஹேலர் கையிலேயே இருக்கும். கொலையாளி என்று அவன் முடிவு கட்டிய ஆள் திரையில் வந்ததும் அதைச் சோபாவின் கைப்பிடியில் தட்டுவான். டொக், டொக். முறைத்தால், "நான் எங்க பேசினேன்?" என்பான்.

கலங்கரை விளக்கத் தொடரின் கடைசி எபிசோடு ஞாயிறு மதியம் பார்த்தோம். மனைவி தையல்காரியைப் பார்க்கப் போயிருந்தாள். தொடங்கும் முன்பே இன்ஹேலரைப் பிடுங்கி என் பக்கத்து முக்காலியில் வைத்தேன்.

"தட்டாம பாரு."

"சரி, தட்டல. ஆனா கப்பல்காரன் பொண்டாட்டிதான் அத்தான். வேணும்னா பாருங்க."

டி.வி.யை இன்னும் போடக்கூட இல்லை.

படிக்கட்டுக் காட்சியில் அவனுக்கு இரைப்பு வந்தது. நடிக்கிறான் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்கவில்லை. நீங்கள் உண்மையைக் கேட்டீர்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. எழப் பார்த்தான், முடியவில்லை. பேச்சும் வரவில்லை. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். முதல் தடவையாகச் சட்டத்தை மதித்தான்.

முக்காலியில் அவனுடைய இன்ஹேலரும் என் ரிமோட்டும் இருந்தன. ரிமோட்டை எடுத்தேன். அவன் இரைப்பில் வசனம் கேட்கவில்லை என்பதால் ஒலியைக் கூட்டினேன். கை சற்று நேரம் அந்தரத்தில் நின்றது, பிறகு இறங்கியது. நடித்தவர்களின் பெயர்கள் ஓடி முடிந்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: "அவன் கையத் தூக்கினானா?"

"தூக்கினான்" என்றேன். அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கடையிலிருக்கும் துணியையெல்லாம் பிரிக்கச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு போகிறவரையும் கும்பிட்டு அனுப்புகிறவன் நான். எனக்குக் கோபமே வராது. அமைதியாக ஒரு கதையைப் பார்க்க விரும்பினேன், அவ்வளவுதான்.

அதுவும் நடக்கவில்லை. கப்பல்காரன் பெண்டாட்டிதான் கொன்றிருக்கிறாள். இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான், பாவி.