பழுதில்லாத முட்டைக்கோஸ்

முட்டைக்கோஸில் ஓட்டை இருந்தால் யாருக்குமே பிடிப்பதில்லை, இன்ஸ்பெக்டர் சார். உங்கள் வீட்டம்மாவும் சந்தையில் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழேதான் வைப்பார்.

நான் அருள்சாமி. ரிங்லெட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டத்துச் சபையின் செயலாளர். வியாழக்கிழமை வேதபாடம் எடுப்பவனும் நான்தான். நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னால் கோஸ் போட்டிருக்கிறேன். மலையில் எல்லோரையும்போல முன்வரிசைகள் சந்தைக்குப் போகும் லோரிக்கு, பின்னால் நாலு வரிசை வீட்டுக்கு. முன்னால் பூச்சிமருந்து அடிப்போம், பின்னால் அடிப்பதில்லை. நாம் சாப்பிடுவது அல்லவா.

சென்ற ஆண்டு அறுப்பின் பண்டிகைக்குப் பின்வரிசைக் கோஸைத்தான் காணிக்கை வைத்தேன். லூயிஸ் பாஸ்டர் அதை உயர்த்திப் பிடித்து, படைப்பின் மகிமையைப் பாருங்கள் என்றார். படைப்பு ஒன்று இலையிலிருந்து இறங்கி அவருடைய வெள்ளை அங்கிக்குள் போய்விட்டது. ஜெபத்தின் நடுவே அவர் ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சபையே சிரித்தது. விருந்து சமைக்கும் பார்பரா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த வியாழன் புழுவைப் பற்றியே பாடம் எடுத்தேன். ஆண்டவர் எல்லாவற்றையும் நல்லதாகவே படைத்தார். ஆதாம் மீறிய பிறகுதான் முள்ளும் நோயும் வந்தன. புழு கோஸைத் தின்னத் தொடங்கியதும் அப்போதுதான் என்பது என் சொந்த ஆராய்ச்சி.

"அப்ப புழு என்னண்ணே பாவம் பண்ணுச்சு? பசிக்குத்தானே தின்னுது" என்றாள் பார்பரா. அவள் மடியில் ஆறு வயது மகள் தாரணி, என் பாடத்தில் வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தன் பண்ணுன பாவம் எல்லாருக்கும் வரும்மா. ஒண்ணும் அறியாதவங்களும் அனுபவிப்பாங்க."

"அது ஞாயமா லா?"

"அதப் பாக்கத்தான் வேதம் படிச்சவங்க நாங்க இருக்கோம்."

இந்த ஆண்டு முன்வரிசைக் கோஸ் என்று முடிவு செய்தேன். பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை அதிலும் ஒரு புழு கண்ணில் பட்டது. மருந்து டப்பாவில், அடித்துப் பதினான்கு நாள் கழித்தே அறுக்கச் சொல்லி எழுதியிருக்கும். எனக்குப் படிக்கத் தெரியும், சார். முப்பது வருஷம் கிராணி வேலை பார்த்தவன். சனிக்கிழமை சாயங்காலம் வழக்கத்தைவிட இரண்டு பங்கு கலந்து அடித்தேன். ஞாயிறு காலை பீடத்தில் கோஸ் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. பாஸ்டர் கையை நன்றாக நீட்டித் தள்ளித்தான் பிடித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

எங்கள் சபையில் காணிக்கையின் முதல் கூடை ஏலத்துக்குப் போகாது, பிள்ளைகள் பந்திக்குப் போகும்; அன்று முதல் கூடை என்னுடையது. அந்தத் தீர்மானத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளப் பச்சைக் கோஸை நறுக்கிப் பச்சடி போடுவார்கள்.

பார்பரா கத்தியோடு வந்து கேட்டாள். "அண்ணே, கோஸ உப்புத் தண்ணில ஊறப் போடவா, சும்மா அலசுனாப் போதுமா?"

பக்கத்தில் பாஸ்டர், மூப்பர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் நான் என்ன சொல்ல முடியும்?

"அண்ணன் தோட்டத்துக் கோஸ்மா. சும்மா அலசு, போதும்."

பிறகு என் மனைவி ஜூலியானாவின் காதில், பச்சடியைத் தொடாதே என்று சொன்னேன். குடும்பத்தைப் பார்த்துக்கொள்வதும் கடமைதானே.

பதினொரு பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பத்துப் பேர் திரும்பி வந்து அடுத்த சனிக்கிழமையே பந்து விளையாடினார்கள், ஸ்தோத்திரம். தாரணி வரவில்லை. உப்புச் சரியா என்று பார்க்க, பார்பரா முதல் வாய் அவளுக்குத்தான் ஊட்டியிருக்கிறாள்.

அடக்க ஆராதனையில் பாஸ்டர் அழுதுகொண்டே உட்கார்ந்துவிட்டதால் நான் பேசினேன். ஆதாமில் ஆரம்பித்து அரை மணி நேரம். நன்றாக அமைந்தது என்று பலரும் சொன்னார்கள்.

கழுவியது சரியில்லை, குற்றம் தன்னுடையது என்று பார்பரா உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். அதைக் கிழிக்க வேண்டாம், சார். என் வாக்குமூலத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்து அடித்தது நான். தெரிந்தே கொடுத்தது நான். ஆனால் அவளும் கொஞ்சம் ஊறப் போட்டிருக்கலாம்.

அடக்கம் முடிந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் சரியா கழுவலண்ணே" என்று அழுதாள். சபையார் எல்லோரும் பார்க்க அவள் தலையில் கை வைத்து, மன்னித்துவிட்டேன் என்றேன்.

மனப்பூர்வமாகத்தான் மன்னித்தேன், சார். எனக்கு யார்மேலும் வருத்தம் நிற்பதில்லை.