கீழ்க்கழனியின் ருசி

யூரியாவுக்குத் தட்டுப்பாடாக இருந்த அந்த வருஷம், செங்கம் சாலை உரக்கடை வரிசையில் எனக்கு முன்னால் அடி அண்ணாமலை ஊர்க்காரர்கள் இருவர் நின்றிருந்தார்கள். குடை வைத்திருந்தவர் திடீரென்று சொன்னார்:

“நம்ம ஊர்ல தங்கி விவசாயத்தப் பத்தி எழுதறானே வெள்ளைக்காரன், நேத்து என் கழனி மண்ண தின்னுட்டான் மச்சான்.”

தலையில் துண்டு கட்டியிருந்தவர் திரும்பினார். “ஏன், நீ சோறு போடலியா?”

“மண்ணு நல்லா இருக்குதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்கன்னு பத்து நாளா உயிர வாங்கினான். வாயில போட்டுப் பாப்போம், பாட்டன் காலத்து வழக்கம்னு அளந்துவிட்டேன். அதையும் எழுதிக்கிட்டான். எழுதிட்டு, குனிஞ்சு ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கிட்டான்.”

“அடப்பாவி! துப்பினானா?”

“மென்னான்! எரு மட்டும் போடற மேல்கழனி மண்ணு பரவாயில்லியாம். யூரியா போடற கீழ்க்கழனி உப்புக் கரிக்குதாம்.”

“அவனுக்கு இன்னா தெரியும்?”

“அப்படித்தான் நானும் சிரிச்சேன். அவன் போனப்புறம், யாரும் பாக்கலன்னு தெரிஞ்சு, நானும் கொஞ்சம் வாயில போட்டேன்.”

“சொல்லு.”

“கரிக்குது.”

வரிசை ஓரடி நகர்ந்தது. துண்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“அப்ப மூட்ட வாங்காம ஊட்டுக்குப் போறியா?”

“எங்க போறது? முன்ன ஒரு மூட்ட போட்டாப் போதும், இப்ப ரெண்டு கேக்குது. இந்தா, குடையப் பிடிச்சுக்கினு என் எடத்தப் பாத்துக்க. வாயி இன்னும் கரிக்குது, கொப்புளிச்சுட்டு வந்துடறேன்.”