பதினேழாம் எண்ணின் படுக்கை

கத்தியைத் தோலுறையில் போட்டு வைப்பது நல்லதல்ல. பார்வைக்கு அதுதான் அதற்குரிய இடம் போலத் தோன்றும். ஆனால் தோல் ஈரத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பதனிடும்போது சேர்ந்த உப்பும் அதிலேயே தங்கியிருக்கும். ஆறு மாதம் கழித்து உருவிப் பார்த்தால், அலகின் மேல் மிளகுத்தூளைத் தூவியது போலப் புள்ளிகள் விழுந்திருக்கும். இதைத் தெரிந்துகொள்வதற்கு நான் இரண்டு நல்ல கத்திகளை இழக்க வேண்டியிருந்தது. அதனால்தான், காவல் நிலையத்துக்குள் வந்ததும் அந்தக் கத்தியை எதில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். நீங்கள் உங்கள் கேள்வியைக் கேட்டீர்கள். பரவாயில்லை. உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

உங்கள் கேள்வி நியாயமானது. பதினேழாம் எண் கத்தியை ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போனதாக என் மகன் வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். அதே ஞாயிற்றுக்கிழமை மாலை, என் பதிவேட்டில், பதினேழாம் எண்ணுக்கு நேரே "உண்டு" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. இரண்டில் எது சரி என்று கேட்கிறீர்கள்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். வராத பிள்ளையை வந்ததாக ஒரு நாளும் குறித்ததில்லை. தலைமை ஆசிரியரே கேட்டபோதும் குறித்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பழக்கத்தைக் கத்திகளிடம் கொண்டுவந்தேன். மொத்தம் இருபத்து மூன்று, வேலையில் இருந்தபோதே ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. செருப்பு தைப்பவரின் வளைகத்தி, ஒட்டுச்செடி கட்டுபவரின் மடக்குக் கத்தி, புத்தகம் தைப்பவரின் தட்டைக் கத்தி, எலும்பிலிருந்து இறைச்சியைப் பிரிக்கும் ஒடுங்கிய கத்தி. அந்த ஒடுங்கிய கத்திதான் பதினேழாம் எண். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நாள்தோறும் காலை ஏழு மணிக்கு வருகைப் பதிவு. அவற்றில் ஒன்றுகூட என்னிடம் வந்த பிறகு ஒரு பழத்தையும் வெட்டியதில்லை.

என் மனைவி உயிரோடு இருந்தபோது, மழுங்கிப்போன ஒரே கத்தியை வைத்துக்கொண்டு சமையலறையில் மல்லுக்கட்டுவாள். நான் கூடத்தில் உட்கார்ந்து எண்ணெய் தடவிக்கொண்டிருப்பேன். "நாற்பது வருஷமா கூட வாழறேன். என்னைக்காவது எனக்கு இப்படி எண்ணெய் தேச்சு விட்டிருக்கீங்களா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள். நல்ல பெண்.

அவள் போன பிறகு மகள் வீட்டுக்கு வந்தேன். கத்திகள் இரும்புப் பெட்டியில், மெழுகுத்தாளில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் இருந்தன. அது பாதுகாப்பான இடம். ஆனால் வசதியான இடமல்ல. இருபத்து மூன்றையும் தினமும் பிரித்து, எண்ணி, திரும்பச் சுற்ற ஒரு மணி நேரமாகும். அதற்கு முன்பு சுவரில் காந்தப் பட்டை அடித்து வரிசையாக ஒட்டி வைத்திருந்தேன். அது வசதி, பாதுகாப்பில்லை. பாதுகாப்பும் வசதியும் ஒரே இடத்தில் குடியிருப்பது அரிது என்பதை, கத்தி சேர்ப்பவர்கள் எல்லோரும் விரைவிலேயே கண்டுகொள்வார்கள்.

அந்த இரண்டையும் ஒரே இடத்தில் குடியேற்றியவர் என் மாப்பிள்ளை.

அவர் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் இயந்திரம் பழுதுபார்ப்பவர். கைவேலை தெரிந்தவர். என் மகள் கருவுற்ற செய்தி வந்ததும், ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் செலவழித்து எனக்கு ஒரு சுவரலமாரி செய்து கொடுத்தார். என் மார்பு உயரத்தில், சிறு குழந்தை எட்ட முடியாதபடி சுவரில் பொருத்தினார். ஆழம் குறைந்த ஆறு இழுப்பறைகள். ஒவ்வொரு கத்தியையும் பலகையில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அதன் வடிவத்துக்கே மரத்தைக் குடைந்து, கம்பளித் துணி ஒட்டினார். ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை மூலைகளில் வைத்தார். முன்னால் ஒரு குறுக்குப் பட்டை. பட்டைக்கு ஒரு பூட்டு. ஒரு கத்தியை எடுத்தால் அதன் உருவம் வெறும் குழியாகத் தெரியும். எண்ண வேண்டிய தேவையே இல்லை.

"ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் படுக்கை மாமா. இனி யாரும் யார் மேலயும் கால் போட முடியாது," என்றார்.

நான் அவரைக் கட்டிக்கொண்டேன். உண்மையாகவே மகிழ்ந்தேன். பிறகு அவர் பூட்டைப் பூட்டி, சாவியைத் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார்.

"சாவி என்கிட்டயே இருக்கட்டும் மாமா. உங்களுக்கு மறதி வருது. போன வாரம் அடுப்பை அணைக்காமப் போயிட்டீங்க. ஞாயித்துக்கிழமை நான் வீட்டுல இருப்பேன், எடுத்து ஆசை தீரப் பாருங்க."

அவர் சொன்னதில் தவறேதும் இல்லை. அடுப்பை அணைக்காமல் போனது உண்மை. அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அலமாரியின் முன்னால் பதிவேட்டோடு நின்றேன். பட்டை போட்டிருந்தது. மகள் பின்னால் வந்து, "என்னப்பா, பள்ளிக்கூடம் லீவா?" என்றாள். கேலிதான். அவளுக்கும் அம்மாவின் வாய்.

ஆறு நாள் விடுமுறை, ஒரு நாள் பள்ளி என்று இரண்டு மாதம் ஓடியது. ஞாயிறுதோறும் சாவியை வாங்கி, துடைத்து, எண்ணெயிட்டு, குறித்து, பூட்டித் திரும்பக் கொடுப்பேன். கொடுக்கும்போது அவர் ஒவ்வொரு முறையும், "எல்லாம் இருக்கா மாமா?" என்பார். "எல்லாம் இருக்கு மாப்பிள்ளை," என்பேன்.

மகளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது அவர் இன்னொன்று சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"ஒரு யோசனை மாமா. தொழிற்பள்ளியில காட்சி அறை கட்டறாங்க. உங்க கத்திகளைக் குடுத்தா கண்ணாடிப் பேழையில உங்க பேரைப் போட்டு வைப்பாங்களாம். அலமாரியோட கழட்டிக் குடுத்துடலாம். ஒண்ணாம் தேதி வண்டி அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க."

"நீங்க சொல்லிட்டீங்களா?"

"கேட்டு வச்சேன். உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம்னுடலாம். இவளுக்குத்தான் ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது."

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது என் மகனைப் பற்றி. சின்னவன் என்றுதான் கூப்பிடுவோம். அவனை நீங்கள் முரடன் என்று எழுதியிருக்கிறீர்கள். முரடன் அல்ல, விடையை அவசரமாகச் சொல்லிவிடும் மாணவன். நான் பிள்ளைகளுக்கு விலங்குக் கதைகள் சொல்வேன். கதையின் முடிவில் நீதியை மட்டும் சொல்ல மாட்டேன். அதைக் கேட்பவர்களே கண்டுபிடித்து மறுநாள் எழுதிவர வேண்டும். அதுதான் என் முறை. நல்ல முறை என்று என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். சின்னவன் மட்டும் எழுதிவர மாட்டான், செய்துவிட்டு வருவான். அவனுக்கு ஏழு வயதிருக்கும்போது, இரவெல்லாம் சத்தம் போட்டுக் குளத்தில் யாரையும் தூங்கவிடாத தவளையின் கதையைச் சொன்னேன். மறுநாள், இரவில் குரைக்கும் பக்கத்து வீட்டு நாய்க்குட்டி எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குள் செத்துக் கிடந்தது. மூடி போட்டிருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் மூன்று நாள் தெருத்தெருவாகத் தேடினார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அவனுடைய விடை தவறு என்று அவனிடமும் சொல்லவில்லை.

அவனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை வாங்கிக் கொடுத்தவர் மாப்பிள்ளை. அங்கே ஒருவனை அடித்துவிட்டான். அடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று மாப்பிள்ளையிடம் கெஞ்சினான். அவர் மறுத்துவிட்டார், வேலை போயிற்று. அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காள் கையால் சாப்பிட வருவான். மச்சானைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை மொட்டைமாடியில் தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மகள் படுத்திருந்தாள். நான் கத்திகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சின்னவன் வந்து எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"என்னப்பா, வாரத்துக்கு ஒரு நாள்தான் உங்க பசங்களைக் கண்ணுல காட்டறாராமே. ஜெயில்ல மனு போட்டுப் பாக்கற மாதிரி."

"நல்லதுக்குத்தான் செய்யறாரு."

"சாவிகூடக் குடுக்க மாட்டாராமா?"

"இன்னைக்குக் குடுத்திருக்காரே. சாயங்காலம் எண்ணிப் பாத்துத்தான் வாங்கிக்குவாரு. நீ வர்ற நாள் இல்லையா?"

அது பொய்யல்ல. அவர் ஞாயிறுதோறும் கேட்பார். சின்னவன் வருவதும் ஞாயிறுதான்.

அவன் முகம் சிவந்தது. நான் அவனுக்கு ஒரு கதை சொன்னேன். வயதான முள்ளம்பன்றி ஒன்றுக்கு ஒரு முயல் தன் வளையில் இடம் கொடுத்தது. முயல் நல்லது. ஆனால் தனக்குக் குட்டி பிறக்கப் போகிறது என்பதால், முட்களைக் கழற்றி வளைக்கு வெளியே வைக்கச் சொன்னது. முள்ளம்பன்றி நாளுக்கு ஒன்றாகக் கழற்றியது. கடைசி முள்ளைக் கழற்றும்போது அதற்குக் குளிர்ந்தது. அந்த முள்ளம்பன்றிக்கு வெளிக்காட்டில் ஒரு மகன் இருந்தான். ஒரு நாள் தந்தையைப் பார்க்க வந்தான்.

"அப்புறம்?" என்றான்.

"அப்புறம் என்னன்னு நீதான் சொல்லணும்."

திறந்திருந்த ஐந்தாம் இழுப்பறையைப் பார்த்தான். பிறகு, "முயலு எங்க வேலை செய்யுதுப்பா?" என்றான். சிரிக்கவில்லை.

நான் கையில் எண்ணெய் இருக்கிறது, கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். குழாயைத் திறந்து விட்டு இருநூறு வரை எண்ணினேன். திரும்பி வந்தபோது அவன் இல்லை. ஐந்தாம் இழுப்பறை மூடியிருந்தது. அவன் எதையும் அறைந்து மூடுபவன். அன்று மெதுவாக மூடியிருந்தான். திறந்து பார்த்தேன். பதினேழாம் எண்ணின் படுக்கையில் பச்சைக் கம்பளி மட்டும் இருந்தது.

பட்டையைப் போட்டுப் பூட்டினேன். பதிவேட்டை எடுத்து, ஒன்று முதல் இருபத்து மூன்று வரை "உண்டு" என்று எழுதினேன். மாப்பிள்ளை ஈரக் கையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"எல்லாம் இருக்கா மாமா?"

"எல்லாம் இருக்கு மாப்பிள்ளை."

சாவியை வாங்கிக்கொண்டார். "உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா தொழிற்பள்ளிக்காரங்களை வர வேணாம்னு சொல்லிடறேன் மாமா. நேத்து பூரா அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்," என்றார். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

யோசிப்பதற்கு எனக்குத் திங்கள், செவ்வாய், புதன் இருந்தன. சின்னவனின் அறை மூன்று தெரு தள்ளித்தான். புதன்கிழமை அந்தத் தெரு வழியாக நடந்தேன். அவன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "சாப்பிட்டேம்பா," என்றான். வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை நான்கு மணிக்குக் கிடங்கின் இயந்திர அறையில் நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. மாப்பிள்ளை குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார் என்றும், முதலில் யார் என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார் என்றும் படித்தேன். அவர் அப்படித்தான். சின்னவன் ஓடவில்லை, ஆட்கள் வரும்வரை அருகிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறான். அப்பாவுக்கு எதுவும் தெரியாது, கை கழுவப் போனபோது திருடினேன் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறான். அவன் அப்படித்தான் நம்புகிறான். அந்த நம்பிக்கையை நீங்கள் அவனிடமே விட்டுவைத்தால் நல்லது. ஆனால் அது உங்கள் வேலை.

மருத்துவமனையில் அவர் உடலையும் சாவிக்கொத்தையும் மகளிடம்தான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என் கட்டில் ஓரத்தில் நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை எண்ணினீங்களே. எல்லாம் இருந்துதாப்பா?"

"இருந்துதும்மா."

கொத்திலிருந்து ஒரு சாவியை மட்டும் கழற்றி, என் தலைமாட்டு ஆணியில் மாட்டினாள். அதன் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை. வேளைக்குச் சோறு வைக்கிறாள். பதிவேட்டை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான் என்று ஊகிக்கிறேன். அவள் எப்போதும் நல்ல மாணவி.

ஆகவே உங்கள் கேள்விக்கு விடை: மகன் சொன்னது சரி, பதிவேடு தவறு. நான் பார்த்தேன்; தெரிந்தே எழுதினேன். ஒரு விவரம் விட்டுப்போயிற்று, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சேகரிப்பில் இருக்கும் கத்தியை யாரும் தீட்டுவதில்லை. தீட்டினால் அதன் பழைய விளிம்பு போய்விடும், மதிப்பும் போய்விடும். நானும் முப்பது ஆண்டுகளில் ஒன்றையும் தீட்டியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சின்னவன் வருவதற்கு முன்பு, பதினேழாம் எண்ணை மட்டும் கல்லில் வைத்து அரை மணி நேரம் தீட்டினேன்.

இதில் யார் மீதும் எனக்குக் கோபம் இருந்ததில்லை. மாப்பிள்ளையைப் போல நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை. நான் ஒரு கதை சொன்னேன். விடை சொன்னவன் வேறு. என்னை உறங்கவிடாமல் செய்வது அந்த ஒரு பொய்க் குறி மட்டுந்தான். பதிவேட்டை ஒரு நிமிடம் கொடுத்தால், சிவப்பு மையால் அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

வழக்கு முடிய எத்தனை காலமாகும் என்று தெரியவில்லை. முடிந்ததும் பதினேழாம் எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இருபத்திரண்டும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. தினமும் காலை ஏழு மணிக்குப் பார்க்கிறேன், அந்த ஒரு படுக்கைதான் கண்ணை உறுத்துகிறது. அதுவரை தோலுறையில் மட்டும் வைக்காதீர்கள். நன்றாகத் துடைத்துவிட்டீர்களா என்று கேட்கவே மறந்துவிட்டேன்.