முப்பத்தொன்றாம் அத்தியாயத்தின் கைகள்

கதை எழுதுகிறவர்கள் புருவத்திடம் அளவுக்கு மீறி வேலை வாங்குகிறார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பதிப்பகத்தில் பிறருடைய நாவல்களைச் செப்பனிட்டுவரும் எனக்கு இதைச் சொல்லும் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். ஒரு பிரதியில் கதாநாயகன் நாற்பத்தொரு முறை புருவத்தை உயர்த்தினான். ‘இந்நேரம் அது பிடரியை எட்டியிருக்க வேண்டும்’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன்.

நடந்ததை மட்டும் சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

‘அவள் வருந்தினாள்’ என்று எழுதுவது சோம்பல். ‘கைகளைப் பிசைந்தாள்’ என்று எழுதுவது இரவல். வருந்துகிறவளின் கை உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். இதற்காகவே ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். உணர்ச்சிக்கு ஓர் அட்டை. வேலை போன செய்தியைக் கேட்ட எங்கள் ஓவியர், மேசையிலிருந்த பென்சில்களை உயரவாரியாக அடுக்கினார். என்னை விட்டுப் போன அன்று என் மனைவி, செருப்பை மாட்டிய பிறகு திரும்பி வந்து, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள். இரண்டும் பெட்டியில் உள்ளன.

மனைவி போனபின் அக்காவும் அவள் மகனும் என்னோடு வந்து தங்கினார்கள். அக்காவுக்கு அவன் ஒருவன்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை.

“மாமா முன்னாடி மூக்கக்கூடச் சொறியாதடா, புத்தகத்துல வந்துரும்” என்பாள் அக்கா.

“வரட்டும்மா. மாமா, என்னை ஏத்தறதுன்னா நல்ல சட்டை போட்டிருக்கறப்ப ஏத்துங்க” என்பான்.

பிறர் நாவல்களைத் திருத்தியது போதும் என்று நானே ஒன்று எழுதினேன். முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் ஒரு தாய் மகனுக்காகக் காத்திருக்கிறாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. வாசகருக்குத் தெரியும். பதினான்கு முறை எழுதினேன்; பதினான்கு முறையும் அவள் கைகளைப் பிசைந்தாள். பெட்டியில் ‘நம்பிக்கை’ என்று தலைப்பிட்ட அட்டை வெறுமையாக இருந்தது.

அன்று வியாழக்கிழமை. அக்கா சாப்பாட்டு மேசையில் அவனுடைய நீலச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு மணிக்கெல்லாம் போன் பண்ணிடுவானே. காணோமேடா” என்றாள்.

ஒன்று பத்துக்கு என் கைப்பேசி ஒலித்தது. மருத்துவமனைச் செவிலியர். “மேலேர்ந்து விழுந்துட்டார் சார். நினைவோடதான் இருக்கார். அம்மா அம்மான்னு கேட்டுட்டே இருக்கார். உடனே கூட்டிட்டு வாங்க, உடனே.”

சரி என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

“யாருடா?”

“அச்சகம்.”

ஐந்து நிமிடம் என்றுதான் எண்ணினேன். ஆட்டோவில் போனால் மருத்துவமனை பதினைந்து நிமிடம்; காலம் இருந்தது. அவன் பேசிக்கொண்டுதான் இருந்தான். எதிரே இருந்த மெய்ப்புத் தாள்களைத் திருத்துகிறவன்போல் அட்டையில் எழுதத் தொடங்கினேன்.

பொத்தானைத் தைத்து முடித்தாள். நூலை அறுக்கவில்லை, பொத்தானின் அடியில் சுற்றினாள், மேலும் சுற்றினாள். வாசற்பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. சட்டையை மடித்தாள், பிரித்தாள், காலர் படியுமாறு மீண்டும் மடித்தாள். “நீ சாப்பிட்டியா?” என்று கேட்டாள், பதிலுக்குக் காத்திராமல் தலையை அசைத்துக்கொண்டாள். ‘நம்புகிறவர்கள் வாசலைப் பார்ப்பதில்லை, பார்த்தால் நம்பிக்கை கலைந்துவிடும்’ என்று குறித்தேன். அதைவிடச் செம்மையான வாக்கியத்தை நான் எழுதியதில்லை.

அட்டையின் இரு பக்கமும் நிறைந்தபோது ஒன்று ஐம்பது. அவனுக்கு அடிபட்டிருக்கிறது, போகலாம் என்றேன். ஒன்றும் கேட்காமல் எழுந்தாள். சட்டையைப் பையில் வைத்துக்கொண்டாள். பழக்கதோஷம் என்று நினைத்தேன்.

மருத்துவமனையில் அந்தச் செவிலியர் எங்களை நடையிலேயே நிறுத்தினார். “இப்பத்தான்மா, பத்து நிமிஷம் ஆகல. உங்களத்தான் கேட்டுட்டே இருந்தாரு. ஒரு மணிக்கே சொன்னோமே.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

“நீ போனக் கவுத்து வச்சியே, அப்பவே முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்டா. நீ எப்படிச் சொல்றதுன்னு தெரியாம தவிக்கிறியேன்னு நெனச்சு, நானா கேக்காம உக்காந்திருந்தேன். நல்ல சட்டையா போட்டு அனுப்பணும்னு மடிச்சு வச்சேன்.” சற்று நிறுத்தினாள். “உயிரோட இருந்தானா?”

அவள் உள்ளே போனாள்.

இதற்குச் சட்டத்தில் பிரிவு இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும் என்றீர்கள். தேடுங்கள். அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் மிச்சமிருந்த நாற்பது நிமிடங்களை எடுத்துக்கொண்டவன் நான். இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த நேரம் வீணாயிற்று என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அன்று மாலையே அட்டையை எடுத்து ‘நம்பிக்கை’ என்ற தலைப்பை அடித்துவிட்டுத் ‘துக்கம்’ என்று திருத்தினேன். வாசலைப் பற்றிய அந்த வாக்கியத்தையும் நீக்கினேன். மற்றக் குறிப்புகள் எல்லாம் சரியானவை. ‘துக்கம்’ என்ற அந்த ஒரு சொல் மட்டும் கோணலாக, படிக்க முடியாதபடி இருக்கும். பேனா சரியில்லை.