மாசத்துக்கு ஒரு ஜிபி

“ஹலோ... அண்ணே, நான் மகாலட்சுமி பேசுறேன்... ஆமா, சுருளிராஜன் வீட்டுலருந்துதான்... வைக்காதீக அண்ணே, வச்சிராதீக! ஒரு அஞ்சு நிமிசம் மட்டும்... ஆமா, ஆமா, கோவம் இருக்கும். இருக்காதா பின்ன... இல்ல, அவுக குளிக்கிறாக. நான் பேசுறது அவுகளுக்குத் தெரியாது.”

மகாலட்சுமி கொல்லைப்புறத்தில் துவைகல்லை ஒட்டி நின்றிருந்தாள். தகரக் கதவுக்குப் பின்னால் சுருளிராஜன் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நிற்கிறவரைக்கும்தான் அவளுக்கு நேரம். திராட்சை வியாபாரி அம்மாவாசி போனை எடுப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. மனுசன் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். எடுத்ததும் சொல்வதற்கென்று மூன்று நாளாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாளே, அதெல்லாம் அந்த நேரம் பார்த்து எங்கேயோ ஓடிவிட்டது.

“சாப்பிட்டீகளா அண்ணே?... இல்ல, சும்மா கேட்டேன்... அதுக்காகப் போன் பண்ணல, ஆமா... கூட்டம் பத்து மணிக்குன்னு தெரியும். அதுக்குத்தான் குளிச்சுக்கிட்டு இருக்காக. வெள்ளச் சட்டையத் தேச்சு வைக்கச் சொன்னாக. தேச்சு வச்சிட்டுத்தான் வந்து நிக்கிறேன்... ம்... ம்... அவுகதான் ஆள் சேத்தாக. இல்லைங்கல.”

சுருளிப்பட்டிப் பக்கம் ஓடைக்கரையில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிற பதினெட்டுத் தோட்டக்காரர்களும் இன்று பத்து மணிக்குக் கூடுகிறார்கள். இனிமேல் அம்மாவாசிக்குப் பழம் கொடுப்பதில்லை, வேறு வியாபாரியைப் பார்த்துக்கொள்வது என்று முடிவெடுக்கப் போகிறார்கள். வீடு வீடாகப் போய் அத்தனை பேரையும் கிளப்பிவிட்டது சுருளிராஜன். எல்லாருக்கும் பழம் வெட்டுகிற நாளைச் சொல்லிவிட்டு அவன் ஒருவனை மட்டும் அம்மாவாசி வேண்டுமென்றே விட்டுவிட்டாராம். அதனால்தான் பழுத்து நின்ற பழம் அத்தனையும் மழையில் வெடித்துப்போனதாம். கேட்டவர்களுக்கெல்லாம் வயிறு எரிந்தது. எரியாதா?

“அண்ணே, நீங்க சேதி அனுப்பிருந்தீக. எனக்குத் தெரியும்... செவ்வாக்கெழம மத்தியானம். வழக்கமா அனுப்புவீகளே, அதே மாதிரி பேசித்தான் அனுப்பிருந்தீக. நாளைக்கு வெட்டு, ஆறு மணிக்குள்ள கட்டவெரலக் காட்டுங்கன்னு... எப்பிடித் தெரியும்னா... கேட்டேன் அண்ணே. நான் கேட்டேன்.”

அம்மாவாசியின் வழக்கம் ஊருக்கே தெரிந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கெஞ்ச மாட்டார். ஒரே குரல் செய்தி எல்லார் வாட்ஸ்அப்புக்கும் போகும். சாயங்காலத்துக்குள் கட்டைவிரல் படம் போட்டவர் தோட்டத்துக்கு விடிந்ததும் ஆளும் பெட்டியும் லாரியும் வந்து நிற்கும். போடாதவருக்கு இன்னும் பழுக்கவில்லை என்று அர்த்தம். சுருளிராஜன் பக்கமிருந்து விரல் வரவில்லை. அதனால் லாரியும் போகவில்லை.

“இருக்கீகளா அண்ணே?... சரி. மொதல்ல இருந்தே சொல்றேன். நடுவுல திட்டணும்னா திட்டிக்கங்க... எங்க வீட்டுக்காரருக்கு இந்த ரேக்ளா வண்டி ஓட்டுற வீடியோன்னா உசுரு. உங்களுக்கே தெரியும்... ஆமா, பந்தலுக்கடியில நின்னுக்கிட்டுப் பாப்பாக. மோட்டார நிறுத்த மறந்து வாய்க்கால் ரொம்பி ரோட்டுல ஓடுனது அன்னைக்குத்தான்... ஆமா, பக்கத்துத் தோட்டத்து வேலுச்சாமி வந்து கத்துனாகளே, அதேதான். ஒரு நாளைக்கு ஒன்றர ஜிபி. பதினோரு மணிக்குள்ள தீந்துரும். தீந்ததும் ஏய், உன் போன்ல கொஞ்சம் திறந்து விடுன்னு எங்கிட்ட வந்து நிப்பாக. அடுத்த காட்டுக்கு மடை திறந்து விடுற மாதிரி நானும் ஹாட்ஸ்பாட்டப் போட்டு விடுவேன். எனக்கு ஆரி வேல வீடியோ பாக்க ஒண்ணும் மிஞ்சாது. ரெண்டு ரவிக்க அப்பிடியே கெடக்கு... ஆமா, சொன்னேன். எத்தன தடவ சொல்றது? இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுருவாக.”

சொல்லச் சொல்ல அவளுக்குள் பழைய கோபம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அதுவும் நல்லதற்குத்தான், கோபம் இருக்கும்போது நாக்கு தாராளமாகப் புரண்டது. இனிமேல் சொல்ல வேண்டியதற்குத்தான் நாக்கு புரள மறுத்தது. உள்ளே சோப்பு டப்பா கீழே விழுகிற சத்தம் கேட்டது. தலைக்கு ஊற்றியாகிவிட்டது, இனி உடம்புக்குச் சோப்பு. அவளுக்கு அவன் குளிக்கிற வரிசை அத்துப்படி.

“அதான் அண்ணே, போன்ல செட்டிங்ஸ்ல போனா டேட்டாவுக்கு ஒரு அளவு வைக்கலாம்னு பாத்தேன்... ஆமா, அளவு. இவ்வளவுக்கு மேல ஓடக் கூடாதுன்னு நாமளே வச்சிரலாம். அங்கன போய்ப் பாத்தா எதுல எவ்வளவு தின்னுருக்காகன்னு கம்பு கம்பாப் போட்டுக் காட்டுது. வீடியோ மட்டும் மலை மாதிரி நிக்குது. எனக்கு எரிச்சலா வந்துச்சு. செவ்வாக்கெழம காலையில, இதே மாதிரி அவுக குளிக்கையில, எடுத்து ஒரு ஜிபின்னு வச்சிட்டேன். ஒரு நாளைக்கு ஒண்ணு போதும், பாக்கி அரை மிஞ்சட்டும்னு... கேளுங்க அண்ணே. வச்ச நிமிசமே நெட்டு நின்னு போச்சு. நான் என்ன நெனச்சேன்? குளிக்கப் போறதுக்குள்ளயே மனுசன் ஒரு ஜிபி பாத்துட்டாகளே, ஆத்தாடின்னு சிரிச்சேன். சிரிச்சேன் அண்ணே.”

ரீசார்ஜ் கடைக்காரன் நாளுக்கு இவ்வளவு என்றுதான் விற்கிறான். எட்டு வருசமாக நாள் கணக்குத்தான் மகாலட்சுமிக்குத் தெரியும். ராத்திரி பன்னிரண்டு அடித்தால் எல்லாம் புதுசாகத் தொடங்கிவிடும். அந்தப் போன் வைத்திருந்ததோ மாதக் கணக்கு. அவள் கொடுத்த ஒரு ஜிபியை அது முழு மாதத்துக்கும் என்று எடுத்துக்கொண்டது. தேதி அப்போது பதினாறு. அந்த மாதத்தில் சுருளிராஜன் ஏற்கெனவே இருபது ஜிபியைத் தாண்டியிருந்தான். போன் கதவைச் சாத்திவிட்டது.

“மாசத்துக்குன்னு எனக்கு எப்பிடி அண்ணே தெரியும்?... இல்ல, தப்ப மறைக்கல. அதுகூடப் பரவால்ல, தெரியாம செஞ்சது. தெரிஞ்சு செஞ்சதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்... அன்னைக்கே பத்து மணிக்கு அவுக போனத் தூக்கிக்கிட்டு வந்து, மகா, இதுல என்னமோ இங்கிலீசுல போட்டுருக்கு, என்னன்னு பாருன்னாக. அளவு முடிஞ்சிருச்சு, நிப்பாட்டிருக்குன்னு தெளிவாப் போட்டுருந்துச்சு. நான் பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவ. அவுக அஞ்சாப்போட நின்னவுக. எழுத்துன்னா எங்கிட்டத்தான் வருவாக, நோட்டீஸு, பத்திரம், பேங்கு லெட்டர் எல்லாத்துக்கும்... டவர் இல்லன்னு போட்டுருக்கு, என் போன்லயும் இல்லன்னு சொன்னேன். நம்பிட்டாக. சரி, கேரளா டவர இழுக்குது போலன்னு சட்டப் பையில போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டாக.”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பொய் சொன்னதைவிட, அவன் அதை நம்பிய விதம்தான் அவளை அறுத்தது. மறு கேள்வி கேட்கவில்லை. அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கணவன் மனைவிக்குள் ஆயிரம் சண்டை உண்டு, ஆனால் இவள் படித்துச் சொன்னால் அவனுக்கு அது பத்திரப் பதிவு.

“ஆமா... ஆமா, பொதன்கெழம காலையில வேலுச்சாமி தோட்டத்துல லாரி நிக்கிறதப் பாத்துருக்காக. எனக்கு ஏன் சொல்லலன்னு உங்களக் கேட்டுருக்கலாம், போன் பேசத்தான் டவர் இருந்துச்சே. கேக்க மாட்டாக. போன வெட்டுல எடைச் சண்ட போட்டாகளே, அத நீங்க மனசுல வச்சிக்கிட்டீகன்னு ரோசம். அன்னைக்கு மத்தியானம்தான் அந்தப் பாழாப்போன மழ... வெடிச்சிருச்சு அண்ணே, ஒரு கொத்து மிஞ்சல. ஈ மொய்க்குது. அவுக பந்தலுக்கடியில குத்த வச்சு உக்காந்துருந்ததப் பாத்தேன். அப்பவே சொல்லிருக்கணும்.”

சொல்லவில்லை. வாய் திறந்தது, மூடிக்கொண்டது. வியாழக்கிழமை விடிந்ததும் அவன் அம்மாவாசி வீட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டான். போன் அடுப்படியில் சார்ஜில் கிடந்தது.

“அவுக அங்கிட்டுப் போன கொஞ்ச நேரத்துல நான் ஓடிப்போய் அந்த அளவத் தூக்கிவிட்டேன். தூக்குனதுதான் தாமசம், டிங் டிங்னு ரெண்டு நாள் சேதியும் கொட்டுது. அதுல உங்க பேரு. கேட்டுப் பாத்தேன்... முழுசா கேட்டேன்... சுருளி, உன் பழம்தான் மொதல்ல வெட்டணும், மானம் இருட்டிக்கிட்டு வருதுன்னு தனியா வேற பேசி அனுப்பிருந்தீக... அழிச்சிட்டேன் அண்ணே. ரெண்டையும். அவுக வந்து போனத் தடவித் தடவிப் பாத்துட்டு, பாத்தியா, ஒண்ணுமே இல்ல, அம்மாவாசி பொய் சொல்றான்னாக. நான் தோசையத் திருப்பிப் போட்டுக்கிட்டு நின்னேன்.”

இப்போது அவள் அழுதாள். அழுகிற சத்தம் தகரக் கதவைத் தாண்டிவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“நேத்து உங்க வீட்டுப் பஞ்சம்மா மதினி ரேசன் கடையில எனக்கு முன்னால நின்னாக. ஊரே அவுக கூட மொகங்குடுத்துப் பேசல. அவுக திரும்பி, என்ன மகா, வெடிச்ச பழத்தக் கொட்டிட்டீகளா, மனசத் தளர விடாதன்னு என் கையப் பிடிச்சாக அண்ணே. என் கைய. அந்தக் கைதான் அழிச்ச கை. எனக்குச் சோறு எறங்கல... இல்ல அண்ணே, அழுகல. சொல்லுங்க.”

அம்மாவாசி பேசத் தொடங்கினார். அவள் கேட்டாள். முதலில் தலையை ஆட்டினாள், அப்புறம் ஆட்டுவதை நிறுத்தினாள்.

“என்னது?... எப்ப?... எங்க வீட்டுக்காரர் உங்க வாசல்ல நின்னு கத்தும்போதா?... காட்டுறதுக்குத்தான் போன எடுத்தீகளா... ஒத்த டிக்கா இருந்துச்சா... கண்ணு முன்னாலயே ரெண்டாயி... நீலமா மாறுச்சா?”

துவைகல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கேட்டால் அனுப்பியவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்த நேரத்தில் அவர் கையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார் என்று எந்தப் புத்தி யோசிக்கும்? எதிரே சுருளிராஜன் வெறுங்கையோடு நின்று கத்துகிறான். அவன் வீட்டில் இருக்கிற அவன் போனில் யாரோ அந்தச் செய்தியைக் கேட்கிறார்கள். அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

“அப்ப... அன்னைக்கே தெரியுமா அண்ணே உங்களுக்கு?... தெரிஞ்சுமா போன மூடிப் பையில போட்டுக்கிட்டீக? அதத்தான் அவுக, காட்டுறேன்னு எடுத்தவன் காட்டாம வச்சிட்டான், திருடன்னு ஊர் பூராம் சொல்லிட்டுத் திரியிறாக... ஏன் அண்ணே? ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே... என்னைய அடிப்பாகன்னா?... அடிக்க மாட்டாக. கத்துவாக, தட்டத் தூக்கி எறிவாக. கை நீட்ட மாட்டாக... ம்... ம்... மதினிக்கும் தெரியுமா? தெரிஞ்சா என் கையப் பிடிச்சாக?”

அம்மாவாசி இன்னொன்றும் சொன்னார். சொன்னது சுலபமான வழி. கூட்டத்துக்கு அவரே வந்து, சுருளிராஜன் பெயருக்கு அனுப்ப மறந்துவிட்டேன், தப்பு என்மேல்தான் என்று சொல்லிவிடுவாராம். வியாபாரம் போனால் அவருக்குக் கூடலூர்ப் பக்கம் நாலு தோட்டம் கிடைக்கும், அவளுக்கு இன்னொரு வீடு கிடைக்குமா என்றாராம். மகாலட்சுமிக்கு ஆசையாகத்தான் இருந்தது. சரி அண்ணே என்று ஒரு சொல் சொன்னால் போதும், யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் வாய் அந்தச் சொல்லுக்குத் தயாராகவே திறந்தது.

தண்ணீர் சத்தம் நின்றது.

“அண்ணே, வேணாம்... வேணாம்னு சொல்றேன்ல. ஏற்கெனவே ஒரு பொய்ய நம்பித்தான் அவுக இந்தக் கதிக்கு வந்து நிக்கிறாக. ரெண்டாவது பொய்ய நீங்க வேற சுமக்கணுமா?... வைக்காதீக. லைன்லயே இருங்க. நீங்க கேக்கவே நான் சொல்லிர்றேன். இல்லன்னா எனக்கு மறுபடி வாய் வராது... இருங்க, ஸ்பீக்கர்ல போடுறேன்.”

தகரக் கதவு கிறீச்சிட்டது. சுருளிராஜன் துண்டோடு வந்து, கொடிக்கயிற்றில் தொங்கிய வெள்ளைச் சட்டையை எடுத்து ஒரு கையை நுழைத்தான். அவளைப் பார்த்ததும் மறு கை அந்தரத்தில் நின்றது.

“ஏங்க... சட்டைய அப்புறம் போடலாம்... ஒண்ணுமில்ல, அழுகல... போன்ல அம்மாவாசி அண்ணன்... கத்தாதீக! அவுக கூப்பிடல, நான்தான் கூப்பிட்டேன். நான் சொல்றதக் கேளுங்க. அவுக சேதி அனுப்பிருந்தாக. நம்ம போனுக்கு வந்துச்சு. அத அழிச்சது...”

கையிலிருந்த போன் டிக் என்றது. அவள் குனிந்து பார்த்தாள்.

“ஹலோ?... அண்ணே?... ஹலோ?”

டவர் போகவில்லை, கோடு நாலும் முழுசாக நின்றது. மூன்று நாளாக இந்த ஒரு வார்த்தைக்காக ஊர்ப் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்த மனுசன், அது வருகிற நேரம் பார்த்து, அடுத்தவன் வீட்டுப் பேச்சு நமக்கெதற்கு என்று அவராகவே வைத்துவிட்டார்.

மகாலட்சுமி போனைத் துவைகல்லின் மேல் வைத்தாள். சுருளிராஜன் ஒற்றைக் கை சட்டையோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“நான்தாங்க,” என்றாள்.